பத்தின் அடுக்குக்கு இரண்டு பட்டன்: கேசியோ 991 இ.எஸ். பிளஸ்

கேசியோ எஃப்.எக்ஸ்-991 இ.எஸ். பிளஸ் கால்குலேட்டரில் 417 ஃபங்ஷன் என்பார்கள். மேட்ரிக்ஸ் உண்டு, வெக்டர் உண்டு, இன்டக்ரேஷன் போடும், சமன்பாடு தீர்க்கும். இருக்கட்டும். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறவள். என் பிள்ளைகள் வருஷம் முழுக்கத் தேடி அழுத்த வேண்டியது அதில் இரண்டே இரண்டு பட்டன். ஒன்று, அடி வரிசையில் புள்ளிக்கும் ஆன்சருக்கும் நடுவில் இருக்கும், பெருக்கல் குறியும் பத்தும் போட்டு மேலே சின்னதாக எக்ஸ் எழுதிய பட்டன். இன்னொன்று, எண்களுக்கு மேல் வரிசைகளில் அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் யாரும் தொடாமல் கிடக்கும் இ.என்.ஜி. பட்டன். இந்த இரண்டுக்காகத்தான் இந்தக் கால்குலேட்டரை வாங்கச் சொல்கிறேன். ஆகவே விமர்சனமும் அவற்றைப் பற்றித்தான்.

எங்கள் லேபில் பத்தின் அடுக்கு இல்லாமல் ஒரு பொருளைக்கூடக் கையில் எடுக்க முடியாது. மஞ்சள், ஊதா, சிவப்பு என்று மூன்று கோடு போட்ட ரெசிஸ்டரை, அதாவது மின்னோட்டத்தைத் தடுக்கும் பாகத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் 4, ஊதா 7, மூன்றாவது சிவப்பு 2. அந்த மூன்றாவது கோடு மதிப்பு இல்லை, அடுக்கு. 47 × 10² ஓம், அதாவது 4.7 கிலோ ஓம். மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் கபாசிட்டரும் அப்படியே. மஞ்சள் நிறப் பொட்டு மாதிரி இருக்கும் செராமிக் கபாசிட்டரில் 104 என்று இருக்கும். முதல் செமஸ்டர் பையன் "நூத்தி நாலா மேடம்?" என்பான். 10-க்குப் பின்னால் நாலு சுழியம், அத்தனை பிக்கோ ஃபாரட். பிக்கோ என்றால் 10⁻¹². ஆக 10 × 10⁴ × 10⁻¹², கூட்டிக் கழித்தால் 10⁻⁷ ஃபாரட், கடையில் கேட்கும்போது பாயின்ட் ஒன் மைக்ரோ. 103 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.01 மைக்ரோ ஃபாரட். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அறிவியல் குறியீடு என்று ஒரு பாடம் வரும். சூரியனின் தூரத்தையும் அணுவின் எடையையும் எழுதிப் பார்த்துவிட்டு மூடிவைத்த பாடம், இங்கே ஒன்றரை ரூபாய்க் கபாசிட்டர் மேல் அச்சடித்து வந்து நிற்கும்.

சரி, முதல் பட்டனுக்கு வருவோம். 4.7 அடித்து, அந்தப் பத்துப் பட்டனை அழுத்தி, 3 அடித்தால் 4.7 × 10³ ஆகிவிடும். திரையில் சின்ன எழுத்தில் ×10 வரும். இதே எண்ணை வேறு வழியாகவும் அடிக்கலாம். 4.7, பெருக்கல், 10, அப்புறம் அடுக்குப் பட்டன், 3. பாதிப் பேர் இப்படித்தான் அடிக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். தனியாக அடித்தால் ஒன்றுதான். வகுத்தல் நடுவில் வந்தால் கதை மாறிவிடும்.

இந்த ரெசிஸ்டரின் தலைகீழ் மதிப்பு வேண்டும், 1 ÷ 4.7 × 10³ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கல் குறி போட்டு நீட்டி அடித்தால் விடை 212.7659574. பத்துப் பட்டனில் அடித்தால் 2.127659574 × 10⁻⁴. ஒன்றுக்கு ஒன்று பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். காரணம் எளிது. நீட்டி அடிக்கும்போது கால்குலேட்டர் இடமிருந்து வலமாகப் போகும். முதலில் 1-ஐ 4.7-ஆல் வகுக்கும், வந்ததை ஆயிரத்தால் பெருக்கும். அதன் கண்ணுக்கு 4.7-ம் 10³-ம் தனித்தனி ஆட்கள். பத்துப் பட்டனில் அடிக்கும்போது அவை ஒட்டிய ஒரே எண். அந்தப் பட்டன் இருப்பதே இந்த ஒட்டுதலுக்காகத்தான், விரல் வேலை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. (விடை பின்னமாக வந்து நின்றால் எஸ்-டி பட்டனை ஒரு முறை அழுத்துங்கள், தசமத்துக்கு மாறிவிடும்.)

இன்னொரு விஷயம். பத்துப் பட்டனிலேயே பத்து இருக்கிறது. ஆயிரம் வேண்டும் என்று 10 அடித்துப் பத்துப் பட்டனை அழுத்தி 3 போட்டால் வருவது பத்தாயிரம். வெறும் 10⁻⁶ வேண்டுமென்றால் 1 அடித்துத்தான் தொடங்க வேண்டும்.

வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர் என்று சைன் அலை உண்டாக்கும் ஒரு சர்க்யூட், அந்தப் பரிசோதனையில் இதெல்லாம் ஒரே மேஜையில் நடக்கும். அதிர்வெண் கண்டுபிடிக்கும் சூத்திரம், 1-ஐ 2π × ரெசிஸ்டர் × கபாசிட்டர் ஆகியவற்றின் பெருக்கலால் வகுப்பது. நாங்கள் கொடுப்பது 4.7 கிலோ ஓம், 103 கபாசிட்டர். சரியாக அடித்தால் 3386.275 ஹெர்ட்ஸ். போன பேட்சில் ஒரு பெண் ரெக்கார்டில் 7.38 × 10⁻⁵ ஹெர்ட்ஸ் என்று எழுதி, கீழே அழகாக ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டிருந்தாள். கீழே இருக்கும் பெருக்கலுக்கு அடைப்புக்குறி போடாமல் 1 ÷ 2 × π என்று வரிசையாக அடித்துக்கொண்டே போயிருக்கிறாள். "இந்த சைன் வேவ் ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்றேன். தலைகீழ் எடுத்துப் பார்த்தாள். 13,545 செகண்ட். மூன்றே முக்கால் மணி நேரம். லேப் பீரியடே அவ்வளவு கிடையாது. அவளே சிரித்துவிட்டாள்.

அடுக்கைப் படிக்கத் தெரிந்தால் இந்தச் சிரிப்பு ரெக்கார்டில் எழுதுவதற்கு முன்னாலேயே வந்திருக்கும். 7.38-ஐப் பார்க்காதே, முதலில் மேலே இருக்கிற மைனஸ் ஐந்தைப் பார் என்பதுதான் நான் எல்லா பேட்சுக்கும் சொல்வது. இந்தக் கால்குலேட்டர் அடுக்கைத் தெளிவாக, புத்தகத்தில் இருப்பதைப்போலவே, பத்தின் தலைமேல் போட்டுக் காட்டுகிறது. அதற்குப் பெரிய மார்க் கொடுப்பேன். பின்னத்தையும் மேலே கீழே என்று போட்டு அடிக்கலாம். 1-ஐ மேலே வைத்து மற்றதெல்லாம் கீழே போட்டுவிட்டால் அடைப்புக்குறித் தொல்லையே கிடையாது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.

இப்போது இரண்டாவது பட்டன். 3386.275 வந்ததும் இ.என்.ஜி. அழுத்தினால் 3.386 × 10³ என்று மாறும். 10³ என்றால் கிலோ, ஆக 3.386 கிலோ ஹெர்ட்ஸ். அடுத்து தலைகீழ் பட்டனை அழுத்தி ஒரு சுற்றுக்கான நேரம் எடுங்கள். 2.953097094 × 10⁻⁴ செகண்ட். இந்த எண்ணை வைத்துக்கொண்டு, அலையைத் திரையில் வரைந்து காட்டும் சி.ஆர்.ஓ. முன்னால் போய் நின்றால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் சி.ஆர்.ஓ. பட்டனைச் சுற்றி 10⁻⁴ என்று எதுவும் எழுதியிருக்காது. மில்லி செகண்ட், மைக்ரோ செகண்ட் என்றுதான் இருக்கும். இ.என்.ஜி. ஒரு தட்டு. 295.3097094 × 10⁻⁶. அதாவது 295 மைக்ரோ செகண்ட். ஒரு கட்டத்துக்கு 50 மைக்ரோ செகண்ட் என்று திருப்பி வைத்தால் ஒரு அலை ஏறக்குறைய ஆறு கட்டம் பிடிக்கும். திரையில் எண்ணிப் பாருங்கள், கபாசிட்டர் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதால் ஆறோ ஐந்தே முக்காலோ இருக்கும். கால்குலேட்டரில் வந்த எண் கண்ணெதிரே அலையாக ஓடுவதைப் பார்க்கிற அந்த நிமிஷத்தில்தான் பல பிள்ளைகளுக்கு மைனஸ் ஆறு என்பது ஒரு பொருளாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

இந்தப் பட்டன் செய்வது ஒரே வேலை. அடுக்கை மூன்றின் மடங்காக மாற்றும். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அடுக்கு மூன்று குறையும், முன்னால் இருக்கும் எண் ஆயிரம் மடங்கு கூடும். ஷிப்ட் போட்டு அழுத்தினால் எதிர்த்திசையில் போகும். 295.3 மைக்ரோ, 0.2953 மில்லியாகும். மதிப்பு இம்மியும் மாறாது. நம் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் தடுமாறும், அதில் அவர்கள் தப்பு இல்லை. நாம் பழகிய எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல் இரண்டிரண்டு சுழியமாக ஏறும். லட்சம் 10⁵, கோடி 10⁷. மூன்று மூன்றாக எண்ணும் இந்தப் பட்டனிடம் லட்சத்துக்கும் கோடிக்கும் தனி இருக்கை கிடையாது. ஒரு லட்சம் ஓம் அடித்து அழுத்தினால் 100 × 10³, நூறு கிலோ. ஒரு கோடி ஓம், 10 × 10⁶, பத்து மெகா. பணத்துக்கு லட்சம் கோடி, சர்க்யூட்டுக்குக் கிலோ மெகா என்று இரண்டு தனித்தனிக் கணக்கு மனதில் ஓட வேண்டும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

குறை என்று பார்த்தால், பெட்டியிலிருந்து வரும்போது இருக்கும் அமைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நார்ம் 1 என்று ஒன்று. அதில் 0.01-க்குக் கீழே எது வந்தாலும் பத்தின் அடுக்காக மாற்றிவிடும். 1-ஐ 200-ஆல் வகுத்துத் தசமமாக்கினால் 5 × 10⁻³ என்று காட்டும். 0.005 என்று போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? புதிதாகக் கற்கும் பிள்ளை இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறது. மாற்றுவது சுலபம்தான். ஷிப்ட், மோட், 8, அப்புறம் 2. நார்ம் 2-க்குப் போய்விடும். அதில் 10⁻⁹ வரைக்கும் சாதாரணத் தசமமாகக் காட்டும். மேல்பக்கம் இரண்டிலும் ஒன்றுதான், ஆயிரம் கோடி, அதாவது 10¹⁰ வந்தால் அடுக்குக்கு மாறும். ஆனால் நான் இன்னொன்றும் சொல்வேன். முதல் வருஷம் நார்ம் 2 வைத்துக்கொள், இரண்டாம் வருஷம் நார்ம் 1-க்கே திரும்பி வந்துவிடு. 0.0000047 என்பதில் சுழியங்களை விரல் வைத்து எண்ணுகிறவர்கள் எப்படியும் ஒன்றை விட்டுவிடுவார்கள்.

ஷிப்ட், மோட் போட்டதும் வரும் இதே பட்டியலில் 7-ஐ அழுத்தினால் எல்லா விடையும் அறிவியல் குறியீட்டிலேயே வரும். எத்தனை இலக்கம் என்று கேட்கும். 4 கொடுத்தால் 3.386 × 10³ என்று நிற்கும். ரெக்கார்டில் பத்து இலக்கத்தையும் அப்படியே இறக்கிவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை வைத்துக் கொடுத்துவிடுவேன். ஐந்து சதவீதம் வரை முன்னே பின்னே போகும் ரெசிஸ்டரை வைத்துக்கொண்டு பத்து இலக்கம் எழுதுவதில் அர்த்தமே இல்லை. யாரிடமாவது இரவல் வாங்கினால் ஷிப்ட், 9, 3, சமக்குறி போட்டு எல்லாவற்றையும் முதல் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஆரம்பியுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் வைத்த ரேடியன் என்ற கோண அலகில் உங்கள் சைன் மதிப்பு போய்விடும்.

இதற்கு எல்லை உண்டா என்று சில பையன்கள் சோதித்துப் பார்ப்பார்கள். 69 ஃபேக்டோரியல் போட்டால் 1.711224524 × 10⁹⁸ என்று வரும். 70 போட்டால் மேத் எரர். 10¹⁰⁰-ஐத் தொட அதனால் முடியாது. அடுக்குக்கு இரண்டு இலக்கம்தான் இடம். இது விளையாட்டு. கீழ்ப்பக்க எல்லைதான் நிஜமான வேலையில் கடிக்கும். 10⁻⁹⁹-க்குக் கீழே போனால் எரர் என்றுகூடச் சொல்லாது, சத்தமில்லாமல் சுழியம் ஆக்கிவிடும்.

எங்கே கடிக்கும் தெரியுமா? செமிகண்டக்டர் பாடத்தில் கண்டக்ஷன் பேண்டின் எஃபெக்டிவ் ஸ்டேட் டென்சிட்டி (எலக்ட்ரான்களுக்கு ஒரு கனமீட்டரில் எத்தனை இடம்) என்று ஒரு கணக்கு, பி.இ. சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் கொண்டுவருவார்கள். சூத்திரத்தில் பிளாங்க் மாறிலியின் இருமடியால் வகுத்துவிட்டு, மொத்தத்தையும் ஒன்றரை அடுக்குக்கு உயர்த்த வேண்டும். புத்திசாலிப் பையன் ஒருவன் இருமடியின் ஒன்றரை அடுக்கு மும்மடிதானே என்று சுருக்கி, பிளாங்க் மாறிலியைத் தனியாக மும்மடி எடுத்தான். கணிதப்படி ரொம்பச் சரி. 6.626 × 10⁻³⁴-இன் மும்மடி 2.9 × 10⁻¹⁰⁰. எல்லைக்கு வெளியே. கால்குலேட்டர் சுழியம் என்றது. அதால் வகுத்ததும் மேத் எரர். சூத்திரத்தில் இருப்பதைப்போல உள்ளே முதலில் வகுத்தால் பிரச்சினையே இல்லை. 2π, எலக்ட்ரான் எடை, போல்ட்ஸ்மேன் மாறிலி, 300 கெல்வின் எல்லாம் பெருக்கி 2.37 × 10⁻⁵⁰, அதை 4.39 × 10⁻⁶⁷-ஆல் வகுத்து 5.4 × 10¹⁶. இனிமேல் ஒன்றரை அடுக்கு, அப்புறம் இரண்டால் பெருக்கு. கனமீட்டருக்கு 2.51 × 10²⁵ வந்துவிடும். இந்த மாதிரி இடங்களில் கையாலேயே அடுக்கை மட்டும் கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது. −50-லிருந்து −67-ஐக் கழித்தால் 17, முன்னால் 2.37-ஐ 4.39-ஆல் வகுத்தால் பாதி, ஆக 16. பேனாகூட வேண்டாம்.

மாறிலிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. ஷிப்ட் 7 போட்டு 28 கொடுத்தால் ஒளியின் வேகம், 06 பிளாங்க், 24 அவகாட்ரோ எண், 03 எலக்ட்ரான் எடை. எண் பட்டியல் மூடியின் உள்ளேயே இருக்கிறது.

போனில் இருக்கிற கால்குலேட்டர் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கு போடும், தாராளமாக. ஆனால் விடையை நடுவில் ஆங்கில இ எழுத்தைப் போட்டுக் காட்டும். பத்தின் அடுக்கு என்று அறியாத பிள்ளை அதை 2.718 என்ற மதிப்புள்ள கணித மாறிலி இ-யாக நினைத்து மறுபடி அடித்துப் பார்க்கிறது. எக்செல்லும் இதே ரகம். எங்கள் ஆபீஸில் பட்டியல் தயாரிக்கும்போது 12 இலக்க ஆதார் எண்ணை அப்படியே அடித்தால் 123456789012 என்பது 1.23457-க்குப் பக்கத்தில் இ+11 ஆகி நிற்கும். உள்ளே எண் பத்திரமாகத்தான் இருக்கும். அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால்தான் மிச்ச இலக்கங்கள் போய்விடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண் என்றால் இன்னும் மோசம், அடித்த உடனேயே கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். அந்தக் கட்டங்களை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

மற்ற மாடல்கள். வீட்டில் அண்ணனுடைய பழைய 991 எம்.எஸ். இருந்தால் புதிது வாங்க வேண்டாம். அதில் பத்துப் பட்டனுக்குப் பதில் ஈ.எக்ஸ்.பி. என்றிருக்கும், வேலை ஒன்றுதான். இ.என்.ஜி.யும் உண்டு. போதாததற்கு ஷிப்ட் போட்டு எண் பட்டன்களில் கிலோ, மெகா, மைக்ரோ, நானோ எல்லாம் நேரடியாக அடிக்கும் வசதியும் அதில் இருக்கிறது, இ.எஸ். பிளஸில் அது இல்லை. எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு அது பெரிய இழப்பு என்றே சொல்வேன். பின்னத்தைப் புத்தகத்தில் இருப்பதைப்போல அடிக்கும் வசதி எம்.எஸ்.ஸில் கிடையாது, அதுதான் குறை. புதிதாக வந்திருக்கும் 991 சி.டபிள்யூ. திரை ரொம்பத் தெளிவு, கிலோ மெகா குறிகளும் திரும்பி வந்துவிட்டன. ஆனால் இ.என்.ஜி.க்கென்று தனிப் பட்டன் இல்லை, ஃபார்மட் என்ற பட்டனை அழுத்திப் பட்டியலில் தேட வேண்டும். ஒரு மணி நேர லேபில் அடிக்கடி தட்டுகிற பட்டனை உள்ளே கொண்டுபோய் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கூடுதல் காசு கொடுத்து அதை வாங்கச் சொல்லமாட்டேன்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு இப்போதே வாங்க வேண்டுமா? வேண்டாம். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் கால்குலேட்டர் கிடையாது. அடுக்கைக் கையால் கூட்டிக் கழிக்கப் பழகட்டும். இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் அங்கே திரையிலேயே ஒன்று கொடுத்துவிடுவார்கள், சொந்தக் கால்குலேட்டரை உள்ளே விடமாட்டார்கள். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் சேருகிறவர்கள் வாங்கலாம். நான் ஆயிரத்து முந்நூறுக்குள் வாங்கினேன். எல்.ஆர்.44 பட்டன் செல்லும் சோலாரும் சேர்ந்து ஓடுகிறது, டியூப் லைட் வெளிச்சமே போதும்.

கடையில் அதே தோற்றத்தில் முந்நூறு ரூபாய்க்கு ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். வாங்குவதற்கு முன் அங்கேயே 1 ÷ 4.7 அடித்து, பத்துப் பட்டன், 3, சமக்குறி போட்டு, இ.என்.ஜி. தட்டிப் பாருங்கள். 212.7659574 × 10⁻⁶ வர வேண்டும். என்னிடம் ஒரு மாணவர் கொண்டுவந்த நகலில் இ.என்.ஜி. அழுத்தினால் திரை அப்படியே இருந்தது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அடித்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.